இடைநிலை

நான்டோங், நவம்பர்.
ஆற்றுப் பனி மூன்றாம் மாடிவரை ஏறிவிட்டது.
கப்பல்கள் தெரியவில்லை, ஊதுவது மட்டும் கேட்கிறது.

என் வேலை அட்டவணை நிரப்புவது.
ஈரலில் புற்று, அது வளர்ந்து
வாசல் நாளத்துக்குள் இறங்கி அடைத்துக்கொண்டவர்கள்.
கத்தி வைக்க வழியில்லை.
தொடை மடிப்பில் ஒரு துளை, நூலாய் ஒரு குழாய்.
சிலருக்கு மருந்தோடு சேர்த்துக்
கட்டியின் சோற்று வழியையே அடைக்கிறோம்.
சிலருக்கு இரண்டு இரவு சொட்டுச் சொட்டாக.
மயிரிழைக்கும் சிறிய கதிர்மணிகள் சிலருக்கு.
இன்னும் சிலருக்கு
விலா வழியே ஊசி போய்
நாளத்துக்குள் கம்பிக் கூடு,
அதன் ஓரமாய்க் கோத்த அயோடின் விதைகள்.

எது மேல் என்கிறார் பேராசிரியர் ச்சூ.
வெள்ளிக்குள் வேண்டுமாம்.

நாற்பத்தேழாம் வரிசை: கு பாவ்லின், ஐம்பத்தாறு.
ஆற்று முகத்தில் தூர் வாரும் கப்பலில் இயந்திரக்காரர்.
விதைகள் போட்டுக்கொண்டார். ஏன் என்றேன்.
"சொட்டு மருந்தென்றால் அசையாமல் படுக்கணுமாமே.
முப்பது வருஷம் ஆடுகிற தளத்தில் தூங்கினவன்,
நமக்கு வராது."

காரணம் எழுதப் பத்தி இல்லை.
இப்படிப்பட்டவர்கள்தான் ஒப்பீட்டைக் கெடுப்பவர்கள்:
நடக்கத் தெம்புள்ளவர் ஒன்றைக் கேட்கிறார்,
தெம்பில்லாதவருக்கு மற்றது வாய்க்கிறது,
கடைசியில் மாதங்களைக் கூட்டி
மருந்துக்குப் பெயர் வைக்கிறோம்.
குறிப்பில் எழுதினேன்: 'ஆடும் தளம்'.
அச்சுக்குப் போகுமுன் அதை அழித்துவிடுவார்கள்.

வீட்டுக்குப் போகும் நாளில்
குழந்தைகளை மடியில் வைக்காதீர்கள் என்றேன், சில வாரம்.
குழந்தை இல்லை, என்றார்.
கப்பலில் பூனை உண்டு. அது ஏறலாமா?
மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் கையேட்டைப் பார்த்தேன்.
பூனை பற்றி எங்கும் இல்லை.

இடைநிலை என்றால் என்ன, அதையும் கேட்டார்.
வரிசையாய் நிறுத்தினால்
நடுவில் நிற்பவரின் மாதம், என்றேன்.
பாதிப்பேர் அதற்கு முன்னாலேயே
போய்விடுவார்கள் என்பதை விழுங்கினேன்.
அவர் விழுங்கவில்லை.
"அப்போ பாதிப்பேர் அதைத் தாண்டுவாங்க."

மாதம் ஒருமுறை அழைக்க வேண்டும்.
கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்,
அதை அப்படியே கேட்க முடியாது,
சாப்பிட்டீர்களா என்று தொடங்குவேன்.

இன்று ஒன்பதாவது முறை.
மணி நான்கு, ஐந்து போனது.
அழிக்கும் விசையில் விரல் இல்லை,
ஆனால் விசைப்பலகை மேல்தான் இருந்தது.

எடுத்தார். பின்னால் இயந்திரம் இரைகிறது,
வண்டல் குழாயில் கற்கள் உருளும் சத்தம்.
"எந்தப் பக்கம் இருக்கேன் இப்போ?" என்று கத்தினார்.

எண்கள் இன்னும் கூட்டவில்லை என்றேன்.
கொஞ்சம் இருங்க, என்று எங்கோ வைத்துவிட்டுப் போனார்.
வைக்கவில்லை நான். கல் உருண்டுகொண்டிருந்தது.