பன்னிரண்டாம் நிமிடம்

பதினொரு படங்களில் ஒரே வேலை எனக்கு.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
வேலியோரமோ கிணற்றோரமோ நின்று
வருகிறவரிடம் சொல்லவேண்டும்:
"அந்தப் பக்கம் போகாதீங்க."
சில படத்தில் "தம்பி" சேரும்.
ஒன்றில் "அம்மணி".
ஒன்றில் வசனமே வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு என்றார்கள்.
அதற்கு நூறு ரூபாய் குறைவு.

மற்ற நாளெல்லாம்
நடுப்புணி எடைமேடையில்
தேங்காய் லாரிக்குச் சீட்டுப் போடுகிறவன்.
தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் மலையாளம்,
இந்தப் பக்கம் தமிழ்,
கட்டையைத் தூக்கி இறக்கும் போலீஸ்காரருக்கு
இரண்டிலும் வசவு தெரியும்.
ஏஜென்ட் ஷாகுல் இங்கே டீ குடிக்க நிறுத்தியவர்
என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:
"நீ சொன்னா ஒருத்தனும் கேக்கமாட்டான்யா,
அப்படி ஒரு முகம் உனக்கு.
நாளைக்கு ஆறு மணிக்கு வேன் வரும்."

கேட்கமாட்டார்கள். அதுதானே ஒப்பந்தம்.
பூட்டிய பங்களாவைத் திறந்தார்கள்.
மழை இரவில் ஆற்றில் இறங்கினார்கள்.
பக்கத்தில் நின்று நான் இருமியும்
வட்டிக்காரனிடம் கைநாட்டு வைத்தார்கள்.
பொள்ளாச்சித் தியேட்டரில் ஒருமுறை
என் காட்சிக்கு விசில் பறந்தது.
எனக்கில்லை,
என்னைத் தள்ளிவிட்டு அவன் போனதற்கு.

கேட்டிருந்தால்
படம் பன்னிரண்டாம் நிமிடத்தில் முடியும்.
நாயகன் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி
ரசஞ்சோறு தின்றுவிட்டுத் தூங்குவான்.
லைட்மேனுக்குப் பேட்டா இல்லை.
இடைவேளையில் முட்டை போண்டா விற்காது.
ஒருத்தன் காது கொடுக்காததில்
எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது.

கேட்டவன் ஒரே ஒருவன்.
ஒன்பது வயது. நிகில்தேவ்.
சித்தூர்ப் பக்கமிருந்து கூட்டிவந்திருந்தார்கள்,
தமிழ் பாதிதான் புரியும்.
ஆட்டுக்குட்டியைத் தேடிச் சோளக்காட்டுக்குள் நுழையவேண்டும்.
"போகாதே கண்ணு" என்றேன்.
நின்றான்.
சோளக்காட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"ஷெரி சேட்டா" என்று
திரும்பி நடந்துவிட்டான்.

கட் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.
அப்புறம் யூனிட்டே சிரித்தது.
அவன் அம்மா ஓடிவந்து தொடையில் கிள்ளினாள்.
எனக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
அதற்குமேல் எனக்கு வசனம் எழுதப்பட்டதே இல்லை.
குனிந்து அவன் காதில் நானே சொல்லிக்கொடுத்தேன்:
"நான் என்ன சொன்னாலும் கேக்காதே."

அதையும் கேட்டான்.
இரண்டாம் டேக்கில் ஓடினான்,
சோளம் அசைந்து மூடிக்கொண்டது.
ஓகே ஓகே என்று மைக்கில் கத்தினார்கள்.
வெளியே வர அவனுக்கு வழி தெரியாமல்
கால்மணி நேரம் தேடினோம்.

மயிலாத்தாள் கேமரா இல்லாமலே சொல்வாள்,
கையில் ஒட்டிய மாவோடு:
"இன்னைக்கு லாட்டரி எடுக்கப் போகாதீங்க."
ஆறு வருடமாய்.
என்னைவிட நன்றாகச் சொல்வாள்,
இழுப்பதில்லை, அழுவதில்லை,
சொல்லிவிட்டுக் குக்கர் விசிலை எண்ணப் போய்விடுவாள்.
அவள் தோடு அடகுக்கடையில் இருக்கிறது.
அந்தச் சீட்டையும் லாட்டரிச் சீட்டையும்
ஒரே கவரில் வைத்திருக்கிறேன்,
எடைமேடை மேஜை இழுப்பறையில்.

நேற்றும் போனேன்.
கட்டையைத் தாண்டி இருபதடிதான்.
போலீஸ்காரர் கட்டையைத் தூக்கக்கூட இல்லை,
குனிந்து போனேன்.

குலுக்கல் மூன்று மணிக்கு.
இப்போது இரண்டு இருபது.
பாலக்காட்டு லாரி ஒன்று மேடையில் ஏறுகிறது,
டிரைவரை இறங்கச் சொல்லவேண்டும்,
அவன் எடையும் சேர்ந்துவிடும்.
சொன்னேன்.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.