ஈரக் கழிவு

கொளப்பள்ளியிலிருந்து ஊட்டி வரைக்கும்
ஆம்புலன்ஸில் அவர் வாயே திறக்கவில்லையாம்.
டிரைவர் சொன்னார்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று
முதலில் கேட்டது எடை.

தொள்ளாயிரத்து எண்பது கிராம், என்றேன்.

"துணியோடவா சிஸ்டர்?"

எனக்கு விளங்கவில்லை.
கொழுந்து நிறுக்கையில்
சாக்குக்கு ஒரு கிலோ,
மழை நாளென்றால் ஈரத்துக்கு இன்னும் இரண்டு
கழித்துத்தான் எழுதுவார்களாம்.
கழிக்காத கணக்கை அவர் கண்டதில்லை.

துணியில்லாமத்தான் நிறுத்தோம்.
அவ்வளவும் அவதான்.

உட்கார்ந்து பேசு, பெயர் சொல்லிப் பேசு
என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
கால் பட்டையில் 'யோகமலர் பாப்பா'.
யோகமலர் கூடலூரில், தையல் போட்ட வயிற்றோடு.
நாற்காலியும் ஒன்றுதான்.
அதில் என்னை உட்காரச் சொன்னார் தனநாயகம்.

மூன்றாம் நாள் தொள்ளாயிரத்துப் பத்து.
முதல் வாரம் எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் இறங்கும்,
அது உண்மை.
அந்த உண்மைக்குப் பின்னால் இன்னொன்று நின்றது.
அதைத்தான் முதலில் சொன்னேன்:
ராத்திரி ரெண்டு தடவை மூச்சு விட மறந்துட்டா.
நின்றது என்று சொல்லவில்லை.
உள்ளங்காலைச் சுண்டினோம், ஞாபகம் வந்துடுச்சு.

அவர் தன் காலைப் பார்த்தார்.
அட்டைக்கடித் தழும்புகள், செருப்பின் வார்.

"பிழைச்சுக்குவாளா?"

பிழைச்சுக்குவா.
தெரியாது.
இரண்டையும் நாக்கில் வைத்துக்கொண்டு
கையுறையைக் கழற்றினேன்; மெதுவாக,
ஒவ்வொரு விரலாக.

இப்ப மூச்சு விடுறா.
நாலு மணிக்கு மறுபடி வருவேன்.
நல்லதோ கெட்டதோ, நானே வந்து சொல்வேன்.

அவர் கூடலூருக்குப் போன் போட்டார்.
"நல்லா இருக்கா. ஒரு கிலோ ஆயிட்டா"
என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.
பிறகு கண்ணை எடுத்துக்கொண்டு
போனை என்னிடம் நீட்டினார்.

"சிஸ்டர்,
இவர் சொல்றதுல எவ்வளவு கழிக்கணும்?"

அவளும் கொழுந்து பறிக்கிறவள்.

தொண்ணூறு கிராம், என்றேன்.
அப்புறம் மூச்சையும் சொன்னேன்.
அங்கே யாரோ இருமினார்கள், ஒரு தட்டு விழுந்தது.
அவள் அழுகிறாளா என்று கேட்பதற்காக
போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பால் வந்துடுச்சு சிஸ்டர்.
காலையில முதல் பஸ்ல என் தம்பி வருவான்.
எவ்வளவு குடுத்தனுப்ப?"

ஒரு வேளைக்கு ரெண்டு மில்லி.
எவ்வளவு வந்தாலும் அனுப்புங்க.

நடுவட்டத்தில் மழை, பஸ் தாமதமாகலாம்
என்றார் தனநாயகம், யாரிடமோ போல.
மணி மூன்று நாற்பது.
உள்ளே போனேன்.