கடைசியாக எழுதியவர்

பெர்கனில் மேகத்துக்குப் பஞ்சமில்லை.
குடையை மடித்த கையோடு விரிக்கிற ஊர்.
இருந்தும் குன்வோர் திங்கள் காலை சொன்னாள்:
"வெள்ளிக்குள் நமக்கொரு மேகம் பார்த்து வை.
மலிவாக."

ஐந்து கணினிகள் எங்களுக்கு.
அலுவலகத்தில் இரண்டு, அவள் வீட்டில் ஒன்று,
என் சமையலறை மேசையில், ரொட்டித் துகள்களோடு ஒன்று.
ஐந்தாவது
ஃபியோர்டின் நடுவே, சால்மன் கூண்டுகளை ஒட்டி
மிதக்கும் தெப்பத்தில், டோர்மோட்டிடம்.
அதன் இடைவெளிக் கட்டையில் ஒட்டிய மீன்செதிலை
யாரும் உரித்ததில்லை.

அட்டவணை போட்டேன்.
ஒன்று, ஐந்து ஜிபி வரை இலவசம்; அப்புறம் கையைக் கடிக்கும்.
இன்னொன்றில் சாவி நம்மிடமே, தொலைத்தால்
கடவுளாலும் திறக்க முடியாதாம்.
மூன்றாவதற்கு அழகான நீலச் சின்னம்.
வேறெதுவும் புரியவில்லை.
மேகமென்றால் பொழிய வேண்டும்.
இவையோ வாங்கி வைத்துக்கொள்கின்றன,
கேட்டால் தருவோம் என்ற வாக்கோடு.

செவ்வாய், டோர்மோட் போனில் சொன்ன கணக்கு:
இருபது மீன், பதினான்கு கடற்பேன்.
மீனுக்கு அரைப் பேன் தாண்டினால் மருந்து.
மருந்தென்றால் செலவு.
செலவென்றால் குன்வோரின் புருவ நடுவில் ஒரு கோடு.

புதன் காலை கோப்பைத் திறந்தேன்.
எட்டு.
கீழே டோர்மோட்டின் பெயர், அப்படியே.

முந்தைய பதிப்பு?
எங்கள் பழைய சேவை அதையெல்லாம் வைத்துக்கொள்வதில்லை.
கடைசியாக எழுதியவர் வெல்வார்,
அவ்வளவுதான் அதன் சட்டம்.
யார் எழுதினார் என்று சொல்லாது. நேரம் மட்டும் சொல்லும்:
இரவு பதினொன்று நாற்பது.
அப்போது நான் தூக்கத்தில்.
அலுவலகம் பூட்டில்.
தெப்பத்தில் மாலையே காற்று ஆன்டெனாவைச் சாய்த்திருந்தது.
ஐந்தில் நான்கு போனால்
எனக்கும் கழிக்கத் தெரியும்.

தெப்பத்தின் கூரையில் ஏறி நின்றால் போன் மட்டும் எடுக்கும்.
"மடிக்கணினியை இணையத்தோடு சேர்த்துவிடாதே."
"ஏன், வைரஸா?"
"இல்லை. ஒத்திசைவு."
காற்று இரைந்தது.
"ஆன்டெனாவை நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன்," என்றான்.
"நிமிர்த்தாதே."

பிற்பகல் படகில் நானும்
கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென்டிரைவும்.
செதில் ஒட்டிய கட்டைக்கு மேலே, திரையில்,
இன்னும் செவ்வாய்க்கிழமை இருந்தது.
பதினான்கு.
பக்கத்தில் அவன் குறிப்பு:
மூன்றாம் மீனுக்கு ஒரு கண் இல்லை.

நகலெடுத்து முடிக்கும்வரை அவன் கையுறையைக் கழற்றவில்லை.
"எட்டென்று எழுதியவர் எழுதட்டும்.
கீழே தன் பெயரைப் போட்டிருக்கலாமே" என்றான்.
பிறகு தீனி இயந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

வெள்ளி.
"பார்த்தாயா?"
"பார்த்தேன். இது கொஞ்சம் விலை கூட.
இரண்டு பேர் ஒரே வரியில் கை வைத்தால்
ஒன்றை விழுங்கி மற்றதைக் காட்டாது.
இரண்டையும் வைக்கும், பெயரோடு, மணியோடு.
ஒரு வருடம் வரை."

குன்வோர் ஜன்னலைப் பார்த்தாள்.
மழை தன்பாட்டுக்குப் பெய்தது.
"அத்தனை நாள் எதற்கு?"

என் கோட்டுப் பையில் பென்டிரைவ்
கார்ச் சாவியோடு உரசிக்கொண்டிருந்தது.
கேட்டிருக்குமோ என்னவோ,
கடனட்டையை மேசைமேல் வைத்தாள்.
எண்கள் தெரியும்படி.

முதலில் ஏற்றியது அந்தக் கோப்பைத்தான்.
அவளுடையது ஒருமுறை,
அவனுடையது ஒருமுறை.
எதை வைத்துக்கொள்ள, என்று கேட்டது புது மேகம்.
'இரண்டையும்' என்ற பொத்தான்
மூலையில், வெளிறிய சாம்பலில்,
தேடினால்தான் கண்ணில் படும்படி இருந்தது.