இடப்பக்கத்துக்கு ஒரு வலது

விடியற்காலை மூன்று மணிக்குப்
பனி வாரும் வண்டி
ஏஜாக்ஸில் எங்கள் தெருவை வழித்துக்கொண்டு போனபோது
என் காரின் இடது காதையும் வழித்துவிட்டது.
கண்ணாடி தப்பியது. முதுகுமூடிதான் சிதறியது.
நான்கு துண்டு பொறுக்கினேன்.
ஐந்தாவதை
ஏப்ரல் வந்து தரும்.

நானூற்றுப் பன்னிரண்டு டொலர் என்றான் கடைக்காரன்,
நிறம் பூசுவது தனி.
பகீரதன் கறுப்பு டேப் ஒட்டினான்.
"இப்போதைக்கு."
எங்கள் வீட்டில்
இப்போதைக்கு என்பதற்குப் பதினாறு வயது.

எனக்கு அச்சு தெரியும்.
இருபத்தொரு வருடமாய்ப் பல் கட்டும் கூடத்தில்
முகம் பார்க்காத ஆட்களின் வாய்களைச்
சாந்தில் வார்த்தெடுக்கிறேன்.
மெழுகு எவ்வளவு, சரிவு எவ்வளவு,
எங்கே பிடிக்கும், எங்கே விடும்
விரல் சொல்லும்.
கார் என்ன, இன்னொரு வாய்.

வலப்பக்க மூடியைக் கிளிப் உடையாமல் கழற்றினேன்.
ஒன்பது தடவை மெழுகு,
துடைத்து, காத்திருந்து, மறுபடி துடைத்து.
வெளிப்புறத்துக்கு ஓர் அச்சு, உட்புறத்துக்கு ஓர் அச்சு.
இரண்டும் கவ்வினால் நடுவில்
மூடியின் தடிப்பளவு வெறுமை.
அந்த வெறுமைக்குத்தான் இவ்வளவு பாடு.

கார்பன் நாரை
அரை அங்குலம் அரை அங்குலமாய் நறுக்கினேன்.
பிளவுஸ் வெட்டும் கத்தரிக்கோல் அன்றோடு செத்தது.
நெய்த துணியென்றால் இழைக்கு இழை ஒழுங்கு இருக்கும்.
இதற்கு விழுந்த திசையே திசை.
எபோக்சியில் பிசைந்து திணித்தபோது
"அடிப்பிடித்த கீரை வறை" என்றான் பகீரதன்
முகமூடிக்குள் இருந்து.

எட்டு கிளாம்ப். கால் சுற்று, கால் சுற்று.
விளிம்பெல்லாம் ரெசின் கசிந்தது.
வெளியே மைனஸ் பதினாலு.
குளிரில் எபோக்சி இறுகாது,
சும்மா கிடந்து பிசுபிசுக்கும்.
எங்கள் மின்சாரப் போர்வையை அதற்குப் போர்த்திவிட்டு
நாங்கள் சாக்ஸோடு படுத்தோம்.
இரவில் இரண்டு தடவை
கராஜுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல் இறங்கிவிடக் கூடாதே என்று.

ஞாயிறு.
பிளாஸ்டிக் ஆப்பு, சுடுதண்ணீர்,
ரப்பர்ச் சுத்தியலால் இரண்டு தட்டு,
ஒரு கெட்டவார்த்தை.
டக்.
இந்தச் சத்தத்துக்காகத்தான்
இன்னும் வேலைக்குப் போகிறேன்.

ஈர மணல்தாளில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒரு சில்லு மினுங்க மறு சில்லு அணைந்தது.
கருங்கல்லைப் பிளந்தது போல.
இல்லை, எதைப் போலவும் இல்லை,
நேற்று நான் நறுக்கிய நார்
விழுந்தபடியே கிடந்தது.

கொண்டுபோய் இடப்பக்கத்தில் வைத்தேன்.
திருப்பி வைத்தேன். தலைகீழாய் வைத்தேன்.
வலது வலதாகவே இருந்தது.

இடது கடைவாய்க்கு வலது கடைவாய்ப்பல்லை
ஒருநாளும் செய்தனுப்பாத கை இது.
பகீரதன் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் சிரிக்காமல் இருந்த சத்தம்
தெருமுனைவரை கேட்டிருக்கும்.

வேறென்ன செய்ய? வலப்பக்கத்திலேயே பூட்டினேன்.
உடையாத பக்கத்தில் கறுத்த மினுக்கம்,
உடைந்த பக்கத்தில் டேப்.
முன்வீட்டு டொறீன் நாயோடு நின்று பார்த்தாள்.
"நன்றாக இருந்ததை ஏன் மாற்றினாய்?"
"அளவு பார்க்க" என்றேன்.
பாதி உண்மை.

இன்றிரவு
நான்கு துண்டையும் மேசையில் வைத்து
ஒட்டுமெழுகால் கோக்கிறேன்,
கைதவறி விழுந்த பல்செட்டைக் கோப்பதுபோல.
முதலிலேயே செய்திருக்க வேண்டியது.
ஐந்தாவதின் பள்ளத்தை
இளஞ்சிவப்பு மெழுகால் நிரப்பி,
பழைய வலதைப் பார்த்துத் தலைக்குள் திருப்பி,
வழித்து, தடவி.
கட்டைவிரல் அகலத்துக்கு ஓரிடம்
கொஞ்சம் மேடாக நிற்கிறது.
சுரண்டினால் சரியாகும்.
சுரண்டவில்லை.
அச்சுக்குப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

பனி கரைந்து அந்தத் துண்டு கிடைத்தாலும்
இனி
அது எங்கேயும் பொருந்தாது.