எந்தக் கை

ஓடி வருகிற பந்தென்றால் சமாளித்திருப்பேன்.
இது சும்மா நிற்கிறது,
சின்னக் குச்சியின் தலையில், வெள்ளையாய்,
'அவசரமில்லை, மெதுவா வா' என்பதுபோல்.
அந்தப் பொறுமைதான் என்னைக் கவிழ்த்தது.

ஐம்பத்திரண்டு வயதில் எதற்கு கோல்ஃப் என்று
சாஸ்கட்டூனில் எனக்குத் தெரிந்த
ஏழெட்டுத் தமிழ் வீடுகளும் கேட்டுவிட்டன.
காரணம் பெரிதில்லை.
எக்ஸ்ரே பிரிவின் ஷிஃப்ட் பட்டியல்
ஆஸ்பத்திரியில் அச்சாகிறது, புல்வெளியில் முடிவாகிறது.
ஒன்பதாவது குழியருகே யார் நிற்கிறார்களோ
அவர்களுக்குக் காலை வேலை.

முதலில் போனது க்ரெய்க் ஹால்வர்சனிடம்.
ஆறு வகுப்புக்கும் மொத்தமாய்க் கட்டணும்,
கட்டியது திரும்பாது.
பின்னால் ஒரு கேமரா, பக்கத்தில் ஒன்று.
திரையில் என் முதுகின்மேல் சிவப்புக் கோடு இழுத்து
"இங்கே பதினோரு டிகிரி அதிகம்" என்றார்.
இருபது வருடமாய் ஊரார் எலும்பைப் படமெடுப்பவள் நான்.
படத்தில் தெரிவது ஓரிடம், வலிப்பது வேறிடம்.
அவருக்கும் அது தெரிந்திருக்கலாம்;
ஆனால் கோடு அத்தனை அழகாய் விழுந்தது.
மூன்றாம் வகுப்பில் என் பந்து வேலி தாண்டி
யாருடைய பிக்கப் வண்டி மேலோ இறங்கியது.
மீதி மூன்றை அவருக்கே விட்டுவிட்டேன்.

அடுத்தவர் தங்கமான மனுஷர்.
காற்றை வெட்டினாலும் "சூப்பர்",
காலை வெட்டப் போனாலும் "சூப்பர்".
மனம் குளிர்ந்து வீடு திரும்புவேன்,
மட்டை எதுவும் கற்காமல்.

ஜூன் கடைசி.
இரவு பத்து மணிக்கும் வானத்தில்
கொஞ்சம் பகல் ஒட்டிக்கொண்டிருக்கும்.
கனோலா வயலோரம் ஒரு பழைய பயிற்சித் திடல்;
கொசுவும் காற்றும் இலவசம்.
டானா கொவால்சுக் வாளியில் பந்து கழுவிக்கொண்டிருந்தாள்.
என் மகனைவிட இளையவள்.
ஐஸ் ஹாக்கியில் முன்பல் ஒன்று போயிருந்தது.

மட்டையைத் தொடச் சொல்லவில்லை.
படிவம் நிரப்பச் சொன்னாள்; நிரப்பினேன்.
திடீரென்று தண்ணீர் பாட்டிலை எறிந்தாள்; பிடித்தேன்.
கழுத்தில் ஒரு கொசு; அடித்தேன்.
வாளியை நகர்த்தச் சொன்னாள்; உதைத்தேன்.
தலையைச் சொறிந்துகொண்டு கேட்டாள்:
"உங்களை யாரு வலக்கைக்காரங்க பக்கம் நிறுத்தினது?"

யாரென்று சொல்ல.
பீச்சாங்கை என்றொரு சொல்,
அதன் நாற்றத்தோடு எப்படி அவளுக்கு எடுத்துக்கொடுக்க.
ஒன்றாம் வகுப்பில் மணிக்கட்டை
பெஞ்சோடு சேர்த்துக் கட்டிய பச்சை ரிப்பனை?
"பேனாவைத்தான் மாத்தினாங்க" என்றேன்.
"பாட்டிலை யாரும் மாத்தலையே" என்றாள்.

கொட்டகைக்குள் போனாள்.
"ஹாக்கி ஊர் இது, எங்க ஆளுங்க நிறையப் பேர் இப்படித்தான்."
பிடி தேய்ந்த மட்டை ஒன்றோடு வந்து
என்னைப் பந்துக்கு மறுபக்கம் நிறுத்தினாள்.

உலகம் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.
முதல் அடி மண்ணில்.
இரண்டாவதும் மண்ணில்.
நான்காவதில் ஒரு கோஃபர் வளைக்குள் ஓடி ஒளிந்தது.
ஏழாவது,
தேங்காய் ஒரே போடில் சரிபாதியாய்ப் பிளக்கும் சத்தம்.
பந்தைப் பார்க்க மறந்து
கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"எங்கே போச்சு?"
"மஞ்சளுக்குள்ளே. வயல்காரர் திட்டுவார்.
நேரா அடிக்கிறது அடுத்த வாரம்."
எட்டும் ஒன்பதும் மறுபடி மண்.

கிளம்பும்போது பணம் எடுத்தேன்.
இரண்டு இருபதும் ஓர் ஐந்தும்
இடக்கையில் இருந்தன.
வலக்கை பழக்கதோஷத்தில் பாதி எழுந்து
அந்தரத்தில் நின்றது,
பந்தியில் இலை கிடைக்காத ஆள் மாதிரி.
அப்படியே நீட்டினேன்.

அவள் எண்ணிப் பார்த்து
ஜீன்ஸ் பைக்குள் திணித்துக்கொண்டு
பந்து கழுவப் போனாள்.