எட்டிலிருந்து பதினொன்று வரை

நூற்று அறுபத்து மூன்று வெள்ளி எழுபது காசு.
கரண்ட் பில்லை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.
மறுநாள் ஹீட்டரைத் துணியில் சுற்றிக்
கட்டிலுக்கடியில் தள்ளினார் முகிலரசு.
ரிங்லெட்டில் டிசம்பர்.
பல்லுக்கும் குளிர்கிற மாதம்.

மலேசியாவிலா குளிர் என்று
கிள்ளானிலிருந்து சிரிப்பாள் தங்கை.
அவள் வீட்டு விசிறி சுற்றுவது
போனில் எனக்குக் கேட்கும்.

திருவிழா முடிந்த காலையில்
கோயில் பின்புறம் பொறுக்கினோம்
ஹண்ட்ரட் பிளஸ் டின்கள், தொண்ணூற்றாறு.
எறும்பைக் கழுவி,
மேலும் கீழும் துளைத்து,
ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டினால்
எட்டுக் குழல்.
கறுப்புச் சாயம் ஆ லியோங் கடையில் பாதி விலை,
டின் நசுங்கியிருந்ததால்.
கண்ணாடி, இடித்த பள்ளிக்கூடத்துச் சன்னல்.
மூலையில் இன்னும் அழியாமல்
"ஆண்டு 5".

கிழக்குப் பலகைச் சுவரில் இரண்டு ஓட்டை,
தரையோரம் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று.
வீட்டுக் குளிர் கீழே இறங்கிப் போய்
மேலே சூடாய்த் திரும்பி வரும்.
அடுப்புப் புகைக்கு யார் வழி சொன்னது,
அப்படித்தான் என்றார்.

ஞாயிறன்று கிராணி வந்தார்.
கம்பெனிச் சுவரில் யாரைக் கேட்டு ஓட்டை?
கையை இங்கே வையுங்கள் என்றேன்.
வைத்தார்.
மற்றக் கையையும் வைத்தார்.
பசியாறிட்டீங்களா என்று கேட்டேன்.
எழுத வந்த பேனா
சட்டைப் பையிலேயே இருந்தது.

திங்கட்கிழமைதான் உறைத்தது.
வெயில் வருவது எட்டுக்கு.
பதினொன்றுக்கு மூடுபனி.
நான் ஆறரைக்கே பெரட்டில்,
அவர் காய்கறி லாரியில் தாப்பா இறக்கத்தில்.
அந்த மூன்று மணி நேரமும்
எங்கள் வீடு கதகதவென்று இருந்தது,
ஆளில்லாமல்,
பூட்டுக்குப் பின்னால்.

ராத்திரி அதைவிட மோசம்.
பெட்டி தலைகீழாய் வேலை செய்தது.
இருந்த கொஞ்சச் சூட்டையும் மேலே உறிஞ்சி
மலைக்குக் கொடுத்துவிட்டு
கீழ் ஓட்டை வழியே பனியை அனுப்பியது.
இரண்டு மணிக்கு எழுந்து
அவருடைய காக்கிச் சட்டையைத் திணித்தேன்.
நல்ல இயந்திரம் என்றேன்.
தூங்குகிறவர்போல் கிடந்தார்.

தில் பகதூர், நேபாளத்துக்காரர்,
இரவெல்லாம் தக்காளிக் கூடாரங்களுக்குக் காவல்.
ஏழரைக்கு வேலை முடிந்தால்
பதினொரு பேர் கொங்சியில்
பகலில் பாய் விரிக்க இடமிருக்காது.
சடக்கோரம் லாரி நிழலில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்,
தொப்பியை முகத்தில் கவிழ்த்து.

சாவியைக் கொடுத்தேன்.
லயத்தில் பேசினார்கள்.
பேசட்டும்.
வாடகை என்று இருபது வெள்ளி நீட்டினார்.
வேண்டாம், பனி இறங்கியதும் ஓட்டையை அடைத்தால் போதும்.
எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என்னுடையது.
சுவரைக் காட்டிக் கையை மடக்கி
"தூத்துப்" என்றேன்.
"தூத்துப்" என்றார்.
மறுநாளே காய்கறிப் பெட்டியின் வெள்ளை மூடியை வெட்டி
இரண்டு ஓட்டைக்கும் அளவாய்ச் செய்திருந்தார்,
பிடிக்க நூல் வைத்து.

ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கிறேன்.
சூடு என்று சொல்ல முடியாது.
மூக்கு நுனி வலிக்கவில்லை, அவ்வளவுதான்.
மடித்து வைத்த பாயில் கையை வைத்துப் பார்க்கிறேன்.
வெயில் போய் ஆறு மணி நேரம்.
அவர் எழுந்து போய் ஒரு மணி நேரம்.
இது யாருடையது?
முகிலரசுவிடம் கேட்கவில்லை.

இந்த மாதம் நாற்பத்தொரு வெள்ளி.
ஹீட்டரை விற்றுவிடலாமா என்கிறார்.
இருக்கட்டும்.
மழை பிடித்தால் வெயிலும் பெரட்டுக்கு வராது.

விளக்கணைத்த பிறகு
இருட்டிலிருந்து அவர் குரல்:
தூத்துப்?
தூத்துப்.