ஆறு துளை

ஷுவைக் பட்டறை. முதல் போர்டில்
ஒரு கால் மிச்சம் பிடிக்கப் பார்த்து
நிரல் ஏற்றும் காலிலேயே
மோட்டார் ரிலேயையும் கட்டிவிட்டேன்.
நிரல் ஏற ஏற
டக்டக்கென்று விக்கியது ரிலே.
குழாயில் தண்ணீர் வந்து, நின்று, வந்து...
சோப்பு நுரையோடு எட்டிப்பார்த்தான் ஜாவித்:
"யார்மேல் என்ன கோபம், பாய்?"

இந்த முறை ரிலேயைப்
பலகையின் மறுகோடிக்குத் துரத்தினேன்.
மூன்று தடம், ஒரு ரீசெட்,
வோல்ட்டேஜ், கிரவுண்ட்.
ஓரத்தில் ஆறு துளை.
முதல் துளைக்கு மட்டும் சதுர விளிம்பு,
டார்ச் வெளிச்சத்தில் தலைகீழாகச் செருகாதிருக்க.

"வேலை முடிந்த போர்டுக்கு ஓட்டை எதற்கு?"
என்றார் முதலாளி.
துளைக்குக் காசில்லை என்றேன்; அது பாதி பதில்.
ஆகஸ்ட் ஈரமும் உப்பும் தின்னாமலிருக்கப்
பலகை முழுக்கப் பிசின் ஊற்றுவோம்.
அந்த ஆறின்மேல் மட்டும் டேப் ஒட்டி,
ஊற்றியபின் உரித்துவிட வேண்டும்.

ஐம்பது போர்டு. என் இகாமா மார்ச் வரை.
எந்த மாடியில் எது தொங்கும், தெரியாது.
தொட்டித் தண்ணீர் சுடும் ஒரு மதியம்
யாரோ லேப்டாப்பைத் தன் நிழலுக்குள் சாய்த்து
ஆறு ஊசியை அழுத்திப் பிடிக்கட்டும்.
கீழே குளிப்பவர்
குளித்துக்கொண்டே இருக்கலாம்.